கோத்தன்பர்க்கில் பெரியம்மாவின் கேட் டூட்டி

ஸ்வீடன் போய் வந்தேன் என்றால் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் போனது ஜூன் மாதம். அப்போது அங்கே குளிரும் இல்லை, இருட்டும் இல்லை. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கை விரித்த பிறகும் ஜன்னலில் வெயில் நின்றுகொண்டிருந்தது. என்னுடன் வந்த பெரியம்மா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இந்த ஊர்ல வெடி வித்துப் பொளைக்க முடியாது தாயி. இருட்டுனாத்தான வாணம் விட?"

என்னை அனுப்பியது ஒரு கேமரா. சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு வாங்கியது. பட்டாசுப் பெட்டிக்கான லேபிள்கள் மெஷினில் ஓடும்போதே பிழையைப் பிடித்துவிடும். அதை இயக்கும் பயிற்சி கோத்தன்பர்க் நகரத்தில். பயிற்சியைப் பற்றி எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், ஆகவே பெரியம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் என் அம்மாவின் அக்கா. சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் அவருடைய கொழுந்தனாருக்குப் பட்டாசு ஆலை. பெரியப்பா இறந்த பிறகு அந்த ஆலையின் வாசல் பெரியம்மாவின் பொறுப்பு. ஆலைக்குள் செல்போன், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் போகக் கூடாது. காலையில் பெரியம்மா கேட்டில் நின்று கையை நீட்டுவார். வேலையாட்கள், லோடு ஏற்ற வந்த டிரைவர், ஏன், முதலாளியான கொழுந்தனார்கூட, போனை அந்தக் கையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாங்கிய போன்கள் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் போகும். அவருடைய போனும் அதே பெட்டியில்தான். சாயங்காலம் ஆலை விட்டபின்தான் பெட்டி திறக்கும்.

பெரியம்மாவின் ஒரே மகன் பிரபு அண்ணன் கோத்தன்பர்க்கில் வேலை பார்க்கிறான். பயிற்சி அந்த ஊரில் என்றதும் என் துணைக்கு என்று பெரியம்மாவையும் விமானத்தில் ஏற்றிவிட்டோம். அவருக்கு மூன்று மாத விசா. திரும்பும் டிக்கெட் மட்டும் என்னோடு சேர்த்து அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு. விமான நிலையத்தில் காருக்குள் பெட்டிகளை வைத்துக்கொண்டே அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "மதி, விசா இருக்க வரைக்கும் அம்மாவை இங்க இருக்கச் சொல்லப் போறேன். வருசா வருசம் கேக்கேன், வரவே மாட்டேங்குது. இந்தத் தடவையும் இல்லைன்னு சொன்னா இனிமே கேக்க மாட்டேன்."

அம்மா கைச் சாம்பாருக்கு ஏங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பயிற்சியை மதியத்தோடு முடித்துவிட்டார்கள். கோர்ஸ்வேகன் என்று ஒரு டிராம் சந்திப்பு இருக்கிறது. அதைச் சுற்றி, நடந்துபோகும் தூரத்துக்குள், கேளிக்கைப் பூங்கா, அறிவியல் மையம், உலகப் பண்பாடுகளின் அருங்காட்சியகம், விளையாட்டரங்கம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு தெருவில் நுழைந்தால் அச்சகம், அடுத்து அட்டைப்பெட்டிக் கம்பெனி, அடுத்து காலண்டர்க் கடை என்று வரும் இல்லையா, அதே மாதிரி. கேளிக்கைக்கென்றே ஒரு தொழிற்பேட்டை. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப இவுகளுக்கும் சீசன் உண்டுன்னு சொல்லு."

உண்டு. கோடையும் கிறிஸ்துமஸும்.

நான் ஒரு தாளில் பத்தி பிரித்து எழுதி வைத்திருந்தேன்: எந்த இடம், எதற்காகப் போக வேண்டும், சாப்பிட என்ன கிடைக்கும், கழிப்பறை எந்தப் பக்கம். கடைசிப் பத்தியைத்தான் பெரியம்மா மதித்தார்.

அறிவியல் மையத்துக்குள் ஒரு மழைக்காட்டையே வளர்த்திருக்கிறார்கள். கண்ணாடிக் கூரை, உள்ளே புழுக்கம், தலைக்கு மேல் கிளிகள். ஸ்வீடன்காரர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்க, கண்ணை மூடி மூச்சிழுக்கிறார்கள். ஒருவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். "இந்தச் சூட்டுக்காகவே தினமும் வரலாம்ங்கிறாரு," என்று கூட வந்த அண்ணன் மொழிபெயர்த்தான்.

"மே மாசம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒக்காரச் சொல்லு. டிக்கெட்டே வேணாம்," என்றார் பெரியம்மா.

அடுத்து சுறா மீன் தொட்டி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சுறா அசையாமல் மிதந்துகொண்டு பெரியம்மாவைப் பார்த்தது. அவரும் அதை மேலிருந்து கீழாக அளந்தார். "ஒரு கல்யாண வீட்டுக்குச் சுறாப்புட்டு காணும்," என்றார். சுறா திரும்பிப் போய்விட்டது.

மேல் தளத்தில் வெள்ளி நிறத்தில் ஓர் உருண்டை. அதில் கை வைத்தால் உடம்பில் நிலைமின்சாரம் ஏறி முடி குத்திட்டு நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாசு ஆலைக்காரர்களுக்கு நிலைமின்சாரத்தைவிடப் பெரிய எமன் கிடையாது. ஒரு பொறி போதும். அதனால்தான் பெரியம்மா பருத்திச் சேலை தவிர எதுவும் கட்டமாட்டார். வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். இதெல்லாம் தெரிந்தே பிரபு அண்ணன், அம்மாவைச் சீண்டுவதற்காக, உருண்டையில் கையை வைத்தான். முடி ஒவ்வொன்றாக எழுந்தது.

"ஏலே! கையை எடுலே!"

பெரியம்மா பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். பட் என்று ஒரு சத்தம். ஏறியிருந்த மின்சாரம் அப்படியே பெரியம்மாவுக்கு மாறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். செய்முறை காட்டிய பெண் மகிழ்ச்சியில் கைதட்டி, "தாமாக முன்வந்த தாய்க்கும் மகனுக்கும் நன்றி!" என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். பிள்ளைகளும் தட்டினார்கள். பெரியம்மா வெளியே வரும் வரை கண்ணில் பட்ட ஒவ்வொரு இரும்புக் கம்பியையும் தொட்டுக்கொண்டே வந்தார்.

அண்ணனுக்கு ஆபீஸில் ஒரு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் டிராமில் திரும்பினோம். எங்கள் நிறுத்தம் வந்தது. கதவு முன்னால் போய் நின்றோம். கதவு திறக்கவில்லை. நடத்துனர் விசில் அடிப்பார் என்று காத்திருந்த மாதிரி நின்றுகொண்டிருந்தோம், டிராம் மெல்ல நகர்ந்தது.

"ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பெரியம்மா கதவைத் தட்டினார். விருதுநகர் போகிற பஸ் என்றால் அந்தக் குரலுக்குப் பிரேக் கட்டையே உடைந்திருக்கும். இங்கே முழு டிராமும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு பெரியவர் எழுந்து வந்து, கம்பியில் இருந்த பொத்தானைக் காட்டி, "நாமாக அழுத்த வேண்டும்," என்றார். அடுத்த நிறுத்தத்தில் பெரியம்மா அழுத்தினார். கதவு திறந்தது. அதன் பிறகு எந்த நிறுத்தத்திலும் யாரையும் அழுத்தவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு, ஒரு தேங்காய் துருவியை வைத்திருந்தார்கள். எந்தத் தீவிலிருந்தோ வந்தது. "நம்ம வீட்டுல இருக்கதைவிட மொன்னையா இருக்கு," என்று பெரியம்மா நகர்ந்துவிட்டார். கீழே காபிக் கடையில் ஏலக்காய் மணக்கும் பன் சாப்பிட்டோம். கடைக்காரர் பார்க்காத நேரத்தில் பெரியம்மா கைப்பையிலிருந்து சாத்தூர்க் காராச்சேவை எடுத்துப் பக்கத்து மேசைத் தம்பதிக்கும் நீட்டினார். அந்த மனிதர் ஒன்றை வாயில் போட்டார். காதுமடல் சிவந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடியும் கையை நீட்டினார். அவர் மனைவி, "நேற்று மிளகு போட்டதற்கே குறை சொன்ன ஆள்," என்றாராம்; அண்ணன் சொன்னான்.

இரண்டு நாளும் அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுறாவுக்கு முன்னால், துருவிக்கு முன்னால், பன்னுக்கு நடுவில். ஆபீஸ் தொல்லை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கேட்டுவிட்டான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, செவ்வாக்கிளமை போகாத. விசா முடியிற வரைக்கும் இரேன்."

"சீசன்லே. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. நான் இங்கன ஒக்காந்துகிட்டு கிளி பாக்கவா?"

"போன வருசமும் சீசன்."

"வருசா வருசம் சீசன்தேன். மதி கூட வந்தேன், மதி கூடப் போறேன். அந்தச் சோத்தைப் போட்டுச் சாப்பிடு."

அவன் போட்டுச் சாப்பிட்டான். கேட்டாகிவிட்டது, பதிலும் வந்தாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை கேளிக்கைப் பூங்கா. வாசலில் பூக்கள், வாத்திய இசை, வறுத்த சர்க்கரை மணம். அண்ணன் போனைக் காட்டினான். டிக்கெட்டைச் சரிபார்த்து மூன்று பேர் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை கட்டினார்கள். சுழல் கதவுக்கு இரண்டடி முன்னால் பெரியம்மா நின்றார். எங்கள் பக்கம் திரும்பினார். வலது கையை நீட்டினார்.

"போனு."

நான் கொடுத்தேன். அண்ணனும் கொடுத்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு கேட்டுக்கு முன்னால் அந்தக் கை நீண்டால் மூளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. நான் பொறியியல் படித்தவள். அண்ணன் ஆறு வருடமாக அந்த ஊரில் ஸ்வீடிஷ் பேசி வாழ்கிறவன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகக் கொடுத்தோம்.

வாசல் சுவரோரம் ஒரு பச்சை இரும்புப் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் ஒரு செல்போன் படம், பேட்டரி படம், பல்பு படம். நடுவில் உண்டியல் மாதிரி ஒரு வாய்.

"பாத்தீகளா! இங்கனயும் பெட்டி வச்சிருக்காக. அம்புட்டு மெசின் ஓடுற எடம், உள்ள விடுவாகளா பின்ன?" என்று பெருமையாகச் சொல்லி, மூன்று போனையும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். மூன்றாவது விழுந்த சத்தத்தில்தான் அண்ணனுக்கு உணர்வு வந்தது. பெட்டியைப் படித்தான்.

"அம்மா. இது குப்பைப் பெட்டி."

"போன் படம் போட்ருக்குலே."

"கெட்டுப்போன போனைப் போடுற பெட்டி. ஒடைச்சு உருக்கி மறுபடி செய்யிறதுக்கு!"

"எம் போனு போன தீபாவளிக்கு வாங்குனது!"

பச்சைச் சட்டை போட்ட எலின் என்ற பணிப்பெண் வந்தாள். பெட்டியின் சாவி பூங்காவிடம் இல்லை, அள்ளிக்கொண்டு போகும் ஆட்களிடம் இருக்கிறது, அவர்கள் திங்கட்கிழமை காலை வருவார்கள் என்றாள். பத்திரமாக இருக்கும், வாங்கித் தருகிறேன் என்று எங்கள் பெயரை எழுதிக்கொண்டாள். (திங்களன்று கிடைத்தது. பெரியம்மாவின் போனில் மட்டும் ஒரு கீறல்.) பிறகு தயங்கி, "நீங்களாகவேதானே போட்டீர்கள்?" என்று கேட்டாள். அண்ணன் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக் கதவு எண் பூட்டு. என் பர்ஸில் ஒரு கார்டு. மணிக்கட்டில் பட்டை. நிலவரத்தைக் கணக்குப் போட்டு, மூன்று பேரும் உயிரோடு இருக்க இது போதும் என்று அறிவித்தேன். "அப்பறம் என்ன? வாங்க," என்று பெரியம்மா முன்னால் நடந்தார்.

அதன்பின் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை, அப்படி ஒரு காலைப்பொழுது. தண்ணீரில் மரக்கட்டை போல மிதந்துபோய் உச்சியிலிருந்து விழும் படகில் ஏறினோம். பெரியம்மா விழும்போது கத்தவில்லை, கீழே வந்து நனைந்தபிறகு, "இன்னொருக்கா!" என்றார். மறுபடி வரிசை. சுழலும் கோப்பைக்குள் உட்கார்ந்து மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுகிறவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கையால் தள்ளுவார். இங்கே பெல்ட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி ஒருவர் வந்து இழுத்துப் பார்க்கிறார். "நம்ம இன்ஸ்பெக்சன் மாதிரி இருக்கு," என்று பெரியம்மா பாராட்டினார்.

ஒரு கடையில் எண்கள் எழுதிய பெரிய சக்கரம். எண்ணைத் தேர்ந்தெடுத்துச் சுற்றவிட்டு, நம் எண்ணில் நின்றால் செங்கல் அளவு சாக்லெட். பெரியம்மா தன் வீட்டு எண்ணை வைத்தார். சக்கரம் டக்டக்கென்று ஓடி, தயங்கி, நின்றது. அவர் போட்ட குலவைச் சத்தத்தில் பக்கத்துக் கடை ஆட்களும் வந்துவிட்டார்கள். சாக்லெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அண்ணன் சிரித்துச் சிரித்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்தப் பயணத்தில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பெரியம்மா கவிச்சி தொடமாட்டார். ஆகவே மதியச் சாப்பாடு பாலேடும் பழக்கூழும் வைத்த வாஃபிள். அதோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அருகில் இருக்கைகளைக் காற்றழுத்தத்தில் வானத்துக்குச் சுண்டிவிடும் ஒரு கோபுரம் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

டொம்.

"பிரபு! மதி!"

"இருக்கேம்மா."

"இருக்கேன் பெரியம்மா."

ஆலைப் பக்கத்து மனிதர்களின் வழக்கம் இது. சத்தம் கேட்டால் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வந்தபிறகுதான் புகை எங்கே என்று பார்ப்பார்கள். இங்கே புகை இல்லை. மேலே இருபது பேர் கால்களை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாக அலறினார்கள். பெரியம்மா மூச்சு விட்டுத் திரும்பினார். அண்ணனின் கை காற்சட்டைப் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

"என்னத்தலே தேடுற?"

"போனை."

"அதுதேன் பெட்டிக்குள்ள கெடக்கே."

"தெரியும். கை தானாப் போகுது."

"சத்தம் இங்கன. போன்ல என்னத்தப் பாக்கப் போற?"

அவன் வாஃபிளைத் தட்டில் வைத்தான். "காலைல எந்திரிச்சதும் செய்திதான் பாப்பேன். அப்பறம் பொளுதன்னைக்கும் பாப்பேன். சாத்தூர்ப் பக்கம், சிவகாசிப் பக்கம் வெடி விபத்துன்னு போட்டிருந்தா ஒடனே ஒனக்கு அடிப்பேன். நீ எடுக்க மாட்ட."

"நான் எப்பிடிலே எடுப்பேன்? போனு பெட்டிக்குள்ள..."

"அதைத்தேன் சொல்றேன். ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா லைன் கெடைக்காது. எல்லாரும் அதுக்குத்தான அடிப்பாக. எந்த ஆலைன்னு செய்தில வர்றதுக்கே நேரமாகும். நீ சாயங்காலம் பெட்டியத் தொறந்து கூப்பிடுவ. 'என்னலே, சாப்பிட்டியா'ன்னு கேப்ப. சாப்பிட்டேன்னு சொல்லுவேன்."

பெரியம்மா அவனையே பார்த்தார். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா, நீ போனை உள்ள கொண்டு போவியா?"

"அதெப்பிடி? ரூல்ஸ்லே."

"அதான் சொல்லல. மூணு மாசம் இருன்னுதான் கேட்டேன். மூணு மாசத்துக்கு நான் செய்தி பாக்க வேண்டாம்ல."

கோபுரம் மறுபடி டொம் என்றது. இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை. பெரியம்மா தன் பங்கு வாஃபிளை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். முந்தானையில் கை துடைத்தார்.

"மதி, அந்தப் பச்சைச் சட்டைப் புள்ளகிட்ட ஒரு போன் கேளு. ஆலை நம்பரு எனக்கு மனப்பாடம்."

எலின் எங்களை அலுவலகத்துக்குள் கூட்டிப்போய் மேசைப் போனைக் கொடுத்தாள். அச்சங்குளத்தில் அப்போது ஆலை விடுகிற நேரம். பெரியம்மா, கடல் தாண்டிப் போக வேண்டிய குரல் என்பதால், அதற்கேற்றபடி பேசினார். கொழுந்தனாரும் அப்படியே. அறையில் இருந்த எல்லோருக்கும் இரண்டு பக்கமும் கேட்டது.

"தம்பி, நாந்தேன். சாப்பிட்டீகளா? லோடு ஏறிருச்சா?"

"ஏறிருச்சு மதினி! செவ்வாக்கிளமை ஏறிருவீகள்ல? ஆளை வெரட்டி வேலை வாங்குறோம் இங்க."

"வரல."

"என்னது?"

"மூணு மாசத்துக்கு வரல. மகன் கூட இருக்கப் போறேன்."

அண்ணன் என் கையைப் பிடித்தான். வலித்தது.

"மதினி, என்ன திடீர்னு! கேட்ல யாரு நிப்பா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். "மதிக்கு மெசின் இருக்கு. நீங்களே நில்லுங்க. மொதலாளி கை நீட்டுனா போன் குடுக்க மாட்டாகளா? ஒங்க போனையும் பெட்டியில போட்டுரணும். அப்பறம் தம்பி, ஆலை விட்டதும் தெனைக்கும் எனக்கு ஒரு போன் போட்டுருங்க. ஆமா, தெனைக்கும். மறந்துறாதீக. அம்புட்டுப் பேரும் வெளிய வந்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இல்லன்னா எனக்கு இங்கன சோறு எறங்காது."

போனை வைத்தபோது அந்த அறையில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். "நல்ல செய்தியா?" என்று எலின் கேட்டாள். நல்ல செய்தி என்றேன்.

"மூணு மாசம் கழிச்சு?" என்று அண்ணன் வெளியே வந்ததும் ஆரம்பித்தான்.

"அப்பப் பாப்பம்லே. மொதல்ல ஒரு எடத்துல ஒக்காரு, தலை சுத்துது எனக்கு."

குதிரை ராட்டினத்துக்கு எதிரில் ஒரு பெஞ்ச் கிடைத்தது. நான் ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது, அந்தச் சத்தத்துக்கும் வெயிலுக்கும் நடுவில், பிரபு அண்ணன் அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பெரியம்மா மடியில் செங்கல் சாக்லெட்டை வைத்து, அதை ஓரத்திலிருந்து உடைத்துத் தின்றபடி, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது ஆள் உயர முயல் ஒன்று, பூங்காவின் வேடக்காரர், மேளத்தைத் தட்டிக்கொண்டு ஆடியபடி எங்கள் பக்கம் வந்தது. பின்னால் ஒரு பிள்ளைக் கூட்டம். பெரியம்மா உதட்டில் விரலை வைத்து, "ஸ்ஸ்... தூங்குதான்," என்றார்.

முயல் நின்றது. அண்ணனைப் பார்த்தது. மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பித் தன் வாயில் பஞ்சுக் கையை வைத்தது. பிறகு முயலும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக, நுனிக்காலில், எங்கள் பெஞ்சைக் கடந்து போனார்கள்.